பத்து வயது மூத்த ஆவுடையப்பன்

ஆவுடையப்பனின் வலது கால் சுண்டுவிரல் மறுபடியும் காணாமல் போயிருந்தது.

பதறாதீர்கள். சாப்பாட்டு மேசைக்குக் கீழே, ரப்பர் செருப்புக்குள் இருந்த அவருடைய சொந்த விரல் பத்திரமாகத்தான் இருந்தது. காணாமல் போனது மேசைக்கு மேலே இருந்த விரல். ஊறுகாய் பாட்டிலுக்கும் சட்னிக் கிண்ணத்துக்கும் நடுவில், ஒரு செம்பு உயரத்துக்கு, ஒளியால் ஆன நாற்காலியில் ஒளியால் ஆன கிழவர் ஒருவர் பனியனும் இடுப்பில் கட்டிய சாரமுமாக உட்கார்ந்திருந்தார். அவர் காலில் கட்டுப் போட்டிருந்தது. அந்தக் கிழவரும் ஆவுடையப்பன்தான். பத்து வருஷம் மூத்த ஆவுடையப்பன்.

“நேத்து எங்கலே போயிருந்த?” என்று கிழவர் காலைத் தூக்கிக் காட்டினார்.

“மகாராஜநகர்ல ஒரு கல்யாணம் அண்ணாச்சி. பந்தல் நம்ம பந்தல்.”

“பந்தல் போடப் போனியா, பாயசம் குடிக்கப் போனியா?”

“அரைக் கரண்டிதான்.”

“அரைக் கரண்டிக்கு ஒரு விரலு போகுமாலே? அப்பளத்த நொறுக்கிப் போட்டு, திரும்பத் திரும்ப வாங்கிக் குடிச்சிட்டு, என்கிட்டயே கதை விடுதியே. நான் யாருன்னு நெனச்ச?”

மனுஷன் பெண்டாட்டியிடம் பொய் சொல்லலாம், டாக்டரிடம் தாராளமாகச் சொல்லலாம். தன்னிடமே பிடிபட்டுவிட்டால் எந்தப் பக்கம் திரும்பி முழிப்பது? ஆவுடையப்பன் இட்லியைப் பார்த்துத் தலையைத் தாழ்த்திக்கொண்டார்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. பாளையங்கோட்டையில் பந்தலும் விளக்கு அலங்காரமும் போடுகிற கடை வைத்திருப்பவர். வாரத்தில் பாதி நாள் விசேஷ வீட்டில்தான் பொழுது போகும். திருநெல்வேலிக்காரர் என்றதும் அல்வா என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அல்வாவை அவர் ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். அவருக்கு உயிர் பந்தியில் கடைசியாக வருகிற பால் பாயசம். பந்தல் அண்ணாச்சி சாப்பிடாமல் போனால் கல்யாண வீட்டுக்காரருக்கு மனசு கேட்காது. கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துவிடுவார்கள். “எனக்குச் சுகர்” என்றால், “எங்களுக்கு மட்டும் இல்லையா, ஒரு நாள்ல என்ன ஆயிரும்?” என்று இன்னொரு கரண்டி விழும். அவருக்கோ எல்லா நாளும் அந்த ஒரு நாள்தான்.

கிழவரை வீட்டுக்கு அனுப்பி வைத்தவர் டாக்டர் ஜெசிந்தா. ஒரு நாள் ஆவுடையப்பனின் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு அந்த அம்மாள் சிறிது நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உங்ககிட்ட இனிமே நான் பேசிப் பிரயோஜனம் இல்ல. உங்ககிட்ட நீங்களே பேசிக்கோங்க” என்று சொல்லி, முழங்கைக்கு மேலே அரிசி மணி அளவு கருவி ஒன்றைத் தோலுக்கடியில் வைத்தார். கூடவே சோப்பு டப்பா போல ஒரு கருவியையும் கையில் கொடுத்தார். “இதை சாப்பாட்டு மேசையில வைங்க. அரிசிமணி உங்க ரத்தத்தைப் பாக்கும். டப்பா, மேசையில நடக்குறதைப் பாக்கும். ரெண்டையும் வச்சு, இப்படியே போனா பத்து வருஷத்துல நீங்க எப்படி இருப்பீங்களோ, அந்த ஆளை முன்னால கொண்டுவந்து உட்கார வைக்கும்.”

“ஜோசியமா டாக்டர்?”

“கணக்கு. இன்னைக்கு நீங்க மாறினா நாளைக்கு அந்த ஆளும் மாறிடுவார்.”

“வீட்டு விஷயம் எல்லாம் வெளிய சொல்லுமோ?”

“சொல்லாது. உங்க உடம்பைப் பத்தி மட்டும்தான் பேசும். மத்தவங்களைப் பத்தி வாயைத் திறக்கக் கூடாதுன்னு சட்டமே இருக்கு. முதல்ல வந்த மிஷின் எல்லாத்தையும் சொல்லிட்டிருந்துச்சு. ஒரு வீட்ல மாமியாரோட மிஷின், மருமக தனிக்குடித்தனம் போகப் போறதை அந்த மருமகளுக்கே தெரியறதுக்கு முன்னாடி சொல்லிடுச்சு. அப்புறம் என்ன, போலீஸ் வரைக்கும் போயிட்டாங்க.”

அன்றைக்கே டாக்டர் மாத்திரையையும் மாற்றினார். பழையதை நிறுத்தச் சொல்லிப் புதிது எழுதினார். ஆவுடையப்பன் ஒரு துணிப்பையைத் தயங்கித் தயங்கி மேசையில் கவிழ்த்தார். வெந்தய மாத்திரை, பட்டை மாத்திரை, முருங்கைப் பொடி, நாவல்கொட்டைச் சூரணம், அப்புறம் பெயரே இல்லாத பச்சை உருண்டைகள். பந்தியில் பக்கத்து இலைக்காரர்கள் எல்லாருமே டாக்டர்கள் அல்லவா? ஆளுக்கு ஒன்று சொல்லியிருந்தார்கள். அவரும் எதையும் விடவில்லை.

“சமையல்ல போடுற வெந்தயம் வேற, இது வேற” என்றார் டாக்டர். “இந்த டப்பாக்குள்ள என்ன இருக்கு, எவ்வளவு இருக்குன்னு யாருக்குத் தெரியும்? மாத்திரையோட சேந்து சர்க்கரையைத் தடாலடியா இறக்கலாம். ஈரலைக் கெடுக்கலாம். எல்லாத்தையும் நிறுத்துங்க. பழைய மாத்திரையும் வீட்ல இருக்க வேண்டாம்.”

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் செண்பகத்துக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆவுடையப்பனின் மனைவி அவள். தங்கமான பொம்பளை. ஆனால் ஒரு பொருளைத் தூக்கிப் போடச் சொன்னால் மட்டும் அவளுக்கு வயிறு எரியும். கிழிந்த சேலை கால்மிதி ஆகும், கால்மிதி பிடிதுணி ஆகும். மிஞ்சின இட்லி உப்புமாவாகும், மிஞ்சின உப்புமா செண்பகத்தின் வயிற்றுக்குள் போகும்.

“இம்புட்டையுமா நிறுத்தச் சொல்லுதாவ? அட்டை பிரிக்காம இருக்கேங்க!”

“டாக்டரம்மா சொன்னா சொன்னதுதான். எடுத்து அங்கிட்டு வையி” என்றார் ஆவுடையப்பன். செண்பகமும் எடுத்து, சாப்பாட்டு மேசையில் இருந்த எவர்சில்வர் டப்பாவில் வைத்தாள். விஷயம் அத்தோடு முடிந்தது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

பாயசத்துக்குப் பறிபோன விரலைப் பார்த்த அன்றிலிருந்து ஆவுடையப்பனுக்குப் புத்தி வந்தது. பயம் பாதி, ரோஷம் பாதி. தன்னைவிடப் பெரிய ஆள் ஒருத்தர் மேசையில் உட்கார்ந்து “ஏலே” போட்டால் யாருக்குத்தான் ரோஷம் வராது? முதலில் காய்கறி வெஞ்சனம், பிறகு பயறோ முட்டையோ, கடைசியில் ஒரு கைப்பிடி சோறு என்று செண்பகம் தட்டின் வரிசையையே மாற்றினாள். சாப்பிட்டதும் அவர் பந்தல் காலைச் சுற்றி நடந்தார். பாயசம் வந்தால் இலையை மூடிவிட்டு எழுந்தார். கல்யாண வீட்டார் கோபித்துக்கொண்டார்கள். “கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கிடுங்க, எனக்கு என் விரலு வேணும்” என்றார். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

பேரம் மட்டும் நிற்கவில்லை.

“அண்ணாச்சி, கம்பு உடம்புக்கு நல்லதுதான? இன்னொரு உருண்டை?”

“கம்பா இருந்தா என்ன, அளவு மீறினா அதுவும் சோறுதாம்லே. கைய எடு.”

“ஒரே ஒரு வாய்?”

“இரு, விரலக் கேட்டுச் சொல்லுதேன்.”

ஒரு நாள் காலையில் கட்டு அவிழ்ந்திருந்தது. மங்கலாக ஒரு சுண்டுவிரல் எட்டிப் பார்த்தது. நாள் போகப் போக நகத்தோடு தெளிந்தது. கிழவரின் சோடாபுட்டிக் கண்ணாடி மெலிந்தது, முகவீக்கம் வற்றியது. ஆவுடையப்பனுக்குக் கால் தரையில் பாவவில்லை. கடைப் பையன்கள் வணக்கம் சொல்வதற்குப் பதிலாக, “அண்ணாச்சி, விரலு இருக்கா?” என்றே கேட்கத் தொடங்கினார்கள். “இருக்குலே, ஜம்முனு இருக்கு!” என்பார் அவர்.

இந்தக் கொண்டாட்டத்தில் கிழவரின் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திசை மாறியதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

“ஏலே, ரசத்துக்குத் தக்காளியக் கையால பிசையணும் கேட்டியா? மிக்ஸில போட்டா ருசி செத்துப் போவும்” என்றார் கிழவர் ஒரு நாள்.

“எனக்கு எதுக்கு அண்ணாச்சி அது? வென்னி போடக்கூட எனக்குத் தெரியாதே.”

“எனக்குந்தான் தெரியாம இருந்துச்சு. கத்துக்கிட்டேன். மொத ரெண்டு மாசம் வாயில வைக்க முடியாது. அப்புறம் சுமாரா வரும்.”

ஆவுடையப்பன் விழுந்து விழுந்து சிரித்தார். அடுக்களைப் பக்கம் திரும்பிக் கத்தினார். “ஏட்டி செண்பகம்! பத்து வருஷத்துல நீ என்னைய ரசம் வைக்க வுட்டிருவ போலிருக்கே!”

பதில் வரவில்லை. போய்ப் பார்த்தால், செண்பகம் அடுக்களைத் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நெற்றியெல்லாம் வேர்வை. வாயில் ஒரு வெல்லக்கட்டி.

“என்னட்டி ஆச்சு?”

“ஒண்ணுமில்ல. ஒரு படபடப்பு. ஒரு கட்டி வெல்லம் வாயில போட்டா சரியாப் போவும். வெயில் என்ன வெயிலுங்க இது!”

“கொடுத்து வச்சவ. நீ வெல்லம் திங்க, நான் வெண்டைக்கா திங்கேன்” என்று சொல்லிவிட்டு அவர் கடைக்குப் போய்விட்டார். பாவி மனுஷன், அப்படியே போய்விட்டார்.

அடுத்த பரிசோதனையில் டாக்டர் ஜெசிந்தா முதல் தடவையாகச் சிரித்தார். புது மாத்திரையின் அளவையும் பாதியாகக் குறைத்தார். ஆவுடையப்பன் வெற்றி வீரர் மாதிரி வீட்டுக்கு வந்து, மேசை முன்னால் உட்கார்ந்து, கிழவரை எழுப்பினார்.

பத்து விரலும் இருந்தன. கண்ணாடி இல்லை. நிமிர்ந்த முதுகு. ஆனால் சட்டை கசங்கிக் கிடந்தது, நெஞ்சுக்கு நேரே ஒரு பித்தானைக் காணோம். முகத்தில் சவரம் செய்து பல நாள் ஆன மாதிரி வெள்ளை முள். கிழவர் இவரைப் பார்த்து, “ஜெயிச்சிட்டலே” என்றார். அதைச் சொன்ன விதம்தான் சரியாக இல்லை.

“என்ன அண்ணாச்சி இது, உடம்பு கல்லுக்குண்டு மாதிரி இருக்கு, மூஞ்சி மட்டும் ஏன் இழவு விழுந்த மாதிரி இருக்கு?”

“இஸ்திரி போட வரமாட்டேங்குது. ஒரு பக்கம் தேச்சா மறுபக்கம் கசங்குது.”

“நீங்க ஏன் தேய்க்கிய? செண்பகம் எங்க?”

கிழவர் ஊறுகாய் பாட்டிலைப் பார்த்தார். “என் உடம்பைப் பத்திக் கேளு.”

“செண்பகம் எங்க வே?”

“எனக்குப் பூட்டுப் போட்டிருக்குலே. நான் என்ன செய்ய? என் உடம்பைப் பத்தி மட்டும் கேளு. யோசிச்சுக் கேளு.”

ஆவுடையப்பன் நாற்காலியை மேசைக்கு நெருக்கிப் போட்டுக்கொண்டார். கத்தினால் பிரயோஜனமில்லை என்று தெரிந்தது. மெதுவாகக் கேட்டார்.

“சாப்பாடெல்லாம் எப்படி?”

“ஒரு ஆளுக்கு வடிக்கேன். ஒரு ஆளுக்கு அளவு சரியா வரவே மாட்டேங்குது.”

“தூக்கம்?”

“கட்டில்ல இந்த ஓரமாத்தான் படுக்கேன். அந்தப் பக்கம் புரளுததில்ல.”

ஆவுடையப்பன் அடுக்களைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு, தான் ஏன் கேட்கிறோம் என்று தெரியாமலே கேட்டார். “மாத்திரை?”

கிழவர் சட்டென்று நிமிர்ந்தார். இந்தக் கேள்விக்காகவே நாள் கணக்கில் காத்திருந்தவர் போலிருந்தார். “புது மாத்திரைதான் எனக்குள்ள போகுது.”

“பழைய மாத்திரை?”

“அது எனக்குள்ள போகல. அந்தப் பொடியும் எனக்குள்ள போகல, அந்தப் பச்சை உருண்டையும் எனக்குள்ள போகல. எனக்குள்ள போகலலே. எனக்குள்ள.”

எவர்சில்வர் டப்பா மேசையில்தான் இருந்தது. ஆவுடையப்பன் திறந்தார். அட்டைகள் எல்லாம் ஒழுங்காக ரப்பர் பேண்டு போட்டு அடுக்கியிருந்தன. கிட்டத்தட்ட எல்லாமே வெற்று அட்டைகள். வெற்று அட்டையைக்கூடத் தூக்கிப் போட மனசில்லாதவள் அவள்.

“செண்பகம்! அந்தப் பழைய மாத்திரையெல்லாம் எங்கட்டி?”

செண்பகம் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். “அதா? நாந்தான் போட்டுக்கிட்டு வாரேன். இன்னும் ஒரு அட்டைதான் கெடக்கு, தீந்திரும்.”

“உனக்குத்தான் சுகரே இல்லையே!”

“இல்லதான். வராம இருக்கணும்ல? எனக்கும் அம்பது தாண்டியாச்சு. உங்களுக்கு வந்த பொறவு போட்டிய, நான் வருமுன்ன போடுதேன். காசு குடுத்து வாங்குன மருந்து, அதை நாய்க்கா போட முடியும்?” அவள் குரலில் கொஞ்சம் பெருமையே இருந்தது. “அந்தச் சூரணத்தையும் வீணாக்கல. பச்சை உருண்டைதான் கொஞ்சம் கசக்கும், அதுக்கு ஒரு கட்டி வெல்லம்...”

சொல்லிக்கொண்டே வந்தவள் நாற்காலியின் முதுகைப் பிடித்தாள். கை நடுங்கியது. “படபடன்னு வருதுங்க” என்றாள். ஆவுடையப்பன் தாவிப் பிடித்தார். பத்து விரலும் உள்ள கால் இரண்டும் அவருக்கு அப்போது நன்றாகவே உதவின. வெல்லக்கட்டியைக் கொண்டுவந்து வாயில் வைத்தார், சீனித்தண்ணீர் கலக்கிப் புகட்டினார். பந்தல் சாமான் ஏற்றுகிற வண்டியிலேயே, மடித்த ஜமுக்காளத்தின் மேல் அவளையும் எவர்சில்வர் டப்பாவையும் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்கு விட்டார். வழியெல்லாம் அவளைத் திட்டிக்கொண்டே போனார், அழுதுகொண்டும் போனார். இரண்டும் ஒரே நேரத்தில் வந்ததால் என்ன சொல்கிறார் என்று செண்பகத்துக்குப் புரியவில்லை.

டாக்டர் ஜெசிந்தா விரல் நுனியில் குத்திப் பார்த்துவிட்டு குளுக்கோஸ் ஏற்றச் சொன்னார். அன்றைக்கு முழுக்க அங்கேயே இருக்க வேண்டும் என்றார். அந்த மாத்திரை உடம்பைவிட்டு லேசில் இறங்காதாம், சர்க்கரையை ஏற்ற ஏற்ற மறுபடி இறக்குமாம். செண்பகம் தெளிந்த பிறகு இருவருக்கும் சேர்த்து மண்டகப்படி நடந்தது.

“சுகர் இல்லாதவங்க இதைப் போட்டா, இருக்கிற சர்க்கரையும் போயிடும். ஒரு நாளைக்கு வீட்ல ஆள் இல்லாத நேரத்துல மயங்கியிருந்தா? அந்த வெல்லக்கட்டிதாம்மா இவ்வளவு நாளா உங்களைக் காப்பாத்திருக்கு!” அப்புறம் ஆவுடையப்பன் பக்கம் திரும்பினார். “கூடவே இருக்கீங்க. வேர்க்குது, படபடக்குது, உட்கார்ந்துடுறாங்க. நீங்க பாக்கவே இல்லையா?”

“நான் விரலப் பாத்துக்கிட்டு இருந்தேன் டாக்டர்” என்றார் ஆவுடையப்பன்.

அதற்கு மேல் டாக்டரால் திட்ட முடியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்: “இப்ப மட்டும் எப்படித் தெரிஞ்சுது? மிஷின் சொல்லுச்சா? அது சொல்லவே கூடாதே!”

“சொல்லல டாக்டர். ரசம் வச்சிச்சு.”

டாக்டர் இவரைப் பார்த்தார். இவருக்கும் ஒரு தடவை சர்க்கரை பார்த்துவிடலாமா என்று நர்ஸிடம் கேட்டார்.

மறுநாள் செண்பகம் வீட்டுக்கு வந்தாள். கட்டிலில் கிட என்றால் கேட்கிற ஆளா? நேரே அடுக்களைக்குப் போய், பூட்டிப் போட்ட வீட்டில் கீரை வாடிவிட்டதே என்று அங்கலாய்த்தாள். எவர்சில்வர் டப்பாவை ஆவுடையப்பன் ஆஸ்பத்திரியிலேயே ஒப்படைத்துவிட்டு வந்திருந்தார். டப்பாவையாவது திருப்பி வாங்கியிருக்கலாம் என்று அவளுக்கு ஒரு குறை.

அவர் மேசை முன்னால் உட்கார்ந்தார். கிழவரை எழுப்பக் கை வரவில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு எழுப்பினார்.

கிழவர் கொட்டாவி விட்டுக்கொண்டு வந்தார். தொப்பை ஒரு சுற்று கூடியிருந்தது. சட்டை வெள்ளை வெளேரென்று மடிப்புக் கலையாமல் இருந்தது. ஆவுடையப்பன் காலைப் பார்க்கவில்லை, நெஞ்சைப் பார்த்தார். எல்லாப் பித்தானும் இருந்தன. ஆனாலும் மனசு ஆறவில்லை. சலவைக்குப் போட்டிருக்கலாம், கடையில் தைத்திருக்கலாம்.

“அண்ணாச்சி, செண்பகம்...”

“என் உடம்பைப் பத்தி மட்டும் கேளுலே. எத்தன வாட்டி சொல்ல?”

அடுக்களையில் கடுகு வெடிக்கிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் அடங்கும்வரை காத்திருந்து ஆவுடையப்பன் கேட்டார்.

“சரி, அத விடும். ரசம் எப்படி வைக்கணும்?”

“ரசமா?” கிழவர் திருதிருவென்று முழித்தார். “என்கிட்ட எதுக்குலே கேக்க? தக்காளியக் கையால பிசையணும்னு பத்து வருஷத்துக்கு முன்னால எவனோ ஒரு கெழவன் சொன்ன ஞாபகம். அதுக்கு மேல எனக்கென்ன எழவு தெரியும்? வென்னி போடக்கூட எனக்குத் தெரியாதே!”

ஆவுடையப்பன் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சட்டைக் கை நனைந்துவிட்டது.

“யாருகிட்டங்க தனியாச் சிரிக்கிய?” என்று அடுக்களையிலிருந்து குரல் வந்தது. “கையக் கழுவிட்டு வாங்க, ரசம் ஆறுது.”